பதில்: பல்லிகளின் நீளத்துக்கும் எடைக்கும் பொருத்தம் வரவில்லை

மொத்த நீளத்தை எடையோடு ஒப்பிட்டால் புள்ளிகள் சிதறுகின்றன, எடை கூடிய சில பல்லிகள் குட்டையாக வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். வால் நுனி வரை அளக்கும் அந்த மொத்த நீளத்தை விட்டுவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை (வால் தொடங்கும் இடத்தில் அடியில் உள்ள துளை) வரை உள்ள நீளத்தை எடைக்கு எதிரே வைத்து வரைபடம் போடுங்கள், நீங்கள் சொன்ன சிதறல் பெரும்பாலும் அடங்கிவிடும். பல்லி ஆய்வுகளில் வழக்கமாக எடுக்கும் அளவே அதுதான்.

காரணம் வால்தான் என்று நினைக்கிறேன். அறுந்து மறுபடி வளர்ந்த வால் பெரும்பாலும் பழைய நீளத்தை எட்டாது. அதனால்தான் 'பெரிய பல்லி குட்டையாக' வருகிறது.

படங்கள் இருந்தால் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் பட்டைகள் சட்டென்று நின்று, அதற்கப்புறம் செதில்கள் ஒழுங்கில்லாமல், நிறம் மங்கி இருந்தால் அது புது வால். எக்ஸ்-கதிர் வசதி இருந்தால் சந்தேகமே வேண்டாம்: உள்ளே முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்புக் குழல் மட்டும்தான். புது வால் உள்ள பல்லிகளைத் தனிக்குறியிட்டுப் பிரித்து வையுங்கள்.

ஆனால் எடைச் சிக்கல் இதோடு தீராது. பல இனங்கள் வாலில் கொழுப்பைச் சேர்க்கும். வால் போனால் எடையும் போகும். முட்டை சுமக்கும் பெண் பல்லிகளையும் தனியே வையுங்கள், வயிற்றுத்தோல் வழியே முட்டை தெரியும் இனமென்றால் வேலை சுலபம்.

ஓணான்களை அளந்திருந்தால் இந்த வால் விளக்கம் அவ்வளவாகப் பொருந்தாது, அவை பொதுவாகப் பல்லிகளைப் போல வாலை எளிதில் உதிர்ப்பதில்லை.