வளர்ச்சிக் காரணி சேர்த்ததும் எம்டிடி அளவு உயர்ந்தால் மைட்டோகாண்ட்ரியா மேம்பட்டதாகுமா?

கேள்வி: வளர்ப்புச் செல்களில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து 48 மணி நேரம் கழித்து, உயிருள்ள செல்களின் செயல்பாட்டை நிறமாற்றத்தால் காட்டும் எம்டிடி சோதனையைச் செய்தேன். ஊதா நிறம் தெளிவாகக் கூடியிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் உயர்ந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து அப்படி எழுத இயலாது. மஞ்சள் நிற எம்டிடி உப்பை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும் நொதிகளில் கணிசமானவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே இருக்கின்றன. அதோடு, ஐஜிஎஃப்-1 செல் பிரிதலைத் தூண்டி, செல் இறப்பையும் தடுப்பதால், 48 மணி நேரத்தில் கிண்ணத்தில் செல்களின் எண்ணிக்கையே கூடியிருக்கலாம்.

ஆயினும் உங்கள் ஊகத்திற்கு வலுவான அடிப்படை உண்டு. ஐஜிஎஃப்-1 தன் ஏற்பியுடன் இணைந்த சில நிமிடங்களிலேயே பிஐ3கே, ஏகேடி என்ற சமிக்ஞை நொதிகள் வழியாக, செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார்சி1 (எம்டார் நொதி அடங்கிய புரதக் கூட்டு) தூண்டப்படுகிறது. அது ஒருபுறம் மரபணுக்களை இயக்க உதவும் பிஜிசி-1ஆல்ஃபா என்ற புரதத்தின் துணையுடன் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுக்களின் படியெடுத்தலையும், மறுபுறம் 4இ-பிபி என்னும் தடைப் புரதத்தை விலக்கி, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் பேணும் டிஃபாம் போன்ற புரதங்களின் உற்பத்தியையும் உயர்த்துகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ 13 புரதங்களுக்கு மட்டுமே குறிப்பைத் தருகிறது. ஏனைய அனைத்தும் உட்கரு மரபணுக்களிலிருந்தே வரவேண்டியிருப்பதால்தான் செல்லுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு சமிக்ஞையால் இவ்வளவு ஆழமாகச் செல்வாக்குச் செலுத்த முடிகிறது. எல்லா வளர்ச்சிக் காரணிகளும் ஒரே திசையில் இயங்குவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்: டிஜிஎஃப்-பீட்டா என்ற மற்றொரு காரணி பல செல் வகைகளில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளிப்படும், செல்லைச் சேதப்படுத்தக்கூடிய வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கூட்டுகிறது.

நீங்கள் நேரடியாக அளக்க வேண்டியது ஆக்ஸிஜன் நுகர்வு. ஆலிகோமைசின் (செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தியைத் தடுப்பது), எஃப்சிசிபி (சுவாசத்தை உச்சத்துக்குத் தள்ளுவது), ரோட்டினோனும் ஆன்டிமைசினும் (மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிறுத்துபவை) என்ற வரிசையில் சேர்த்து அளந்தால், ஏடிபி உற்பத்திக்குச் செலவாகும் பங்கும் உச்சத் திறனும் தனித்தனியே தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைக் காட்டும் சாயத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆலிகோமைசின் சேர்த்ததும் மின்னழுத்தம் உயர்ந்து, சுவாசம் குறைவதே அதற்குப் போதிய எச்சரிக்கை.

கிடைத்த அளவை எதனால் வகுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எம்டார்சி1 செல்லின் பருமனையும் புரத அளவையும் கூட்டுவதால், மொத்தப் புரதத்தால் வகுத்தால் உண்மையான உயர்வே மறைந்துவிடக்கூடும். ஆகவே செல் எண்ணிக்கையாலோ டிஎன்ஏ அளவாலோ வகுப்பதே நல்லது.

ஊடகத்தையும் கவனியுங்கள். 25 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் வேகமாகப் பெருகும் பல செல் வகைகள் கிளைக்கோலிசிஸையே (மைட்டோகாண்ட்ரியா இன்றிக் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறும் வழி) பெரிதும் சார்ந்திருப்பதால், மைட்டோகாண்ட்ரியாவில் நிகழும் மாற்றம் வெளியில் தெரியாமல் போகலாம். செல்கள் மைட்டோகாண்ட்ரியாவையே பெரிதும் சார்ந்திருக்கும்படி, குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் இட்டும் ஒருமுறை செய்து பாருங்கள். ஊடகத்தில் சேர்க்கும் 10 சதவீத சீரத்திலேயே (இரத்தத்திலிருந்து பிரித்த நீர்) பல வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால், முன்கூட்டியே சீரத்தைக் குறைப்பது அவசியம். அதனால் தன்னுண்ணல் (செல் தன் பாகங்களையே சிதைப்பது) தூண்டப்பட்டு மைட்டோகாண்ட்ரியா குறையவும் கூடும் என்பதால், சீரம் குறைக்காத ஒப்பீட்டுக் குழுவையும் உடன் வையுங்கள்.

ஆக்ஸிஜன் நுகர்வு உண்மையிலேயே உயர்ந்திருந்தால், எம்டார் தடுப்பியுடன் மீண்டும் அளந்து வழித்தடத்தை உறுதி செய்யலாம். ராபாமைசின் என்ற எம்டார் தடுப்பி 4இ-பிபி வழியை முழுமையாகத் தடுப்பதில்லை. எனவே அதனால் விளைவு ஓரளவே குறைந்தால் எம்டாருக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டாமல், டோரின்-1 போன்ற நேரடித் தடுப்பியையும் பயன்படுத்திப் பாருங்கள்.