வீடு தேடி வரும் சீல்: வாசகர் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் 11 ஆண்டுகளாக மொபைல் நோட்டரியாக இருக்கிறேன். கார் டிக்கியில் சீல், ஜர்னல் (வாங்கும் கையெழுத்தை எல்லாம் பதிந்து வைக்கும் நோட்டு), மை டப்பா, நாலு பேனா. கூப்பிட்ட வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன். பதிலுக்குப் போகுமுன் ஒன்று: நான் வக்கீல் இல்லை. நம் ஊரில் நோட்டரி என்றால் பல வருடம் பிராக்டிஸ் செய்த வக்கீல், கோர்ட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். இங்கே 6 மணி நேர வகுப்பு, ஒரு பரீட்சை, 15,000 டாலருக்கு ஒரு பாண்ட் (என் தவறால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம்), இவ்வளவுதான். 4 வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும். அதனால் "இந்தப் பத்திரம் செல்லுமா?" என்று என்னிடம் கேட்காதீர்கள். பதில் சொன்னால் என் மேல்தான் கேஸ் வரும்.

அக்கா, அம்மாவுக்கு 82 வயது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ரீஹாபில் இருக்கிறார். திருச்சியில் அவர் பெயரில் உள்ள வீட்டை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் நோட்டரி, "உங்கள் அம்மாவிடம் என்னால் பேச முடியாது, வர மாட்டேன்" என்கிறார். நான் கூட இருந்து மொழிபெயர்க்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. இது என்ன நியாயம்?
— வாசகி, ஃப்ரீமான்ட்

நியாயம் அந்த நோட்டரி பக்கம்தான். கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போடுபவரும் நோட்டரியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடிய வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் கூடாது. அது மகளாக இருந்தாலும் கூடாது. மகளாக இருந்தால் இன்னும் கூடாது என்பேன். பத்திரம் எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, முழுக்கத் தமிழிலேயே இருக்கலாம். கடைசியில் நோட்டரி ஒட்டும் சான்றிதழ் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அம்மாவிடம் தமிழில் பேசத் தெரிந்த நோட்டரியைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் நிறைய பேர் இருக்கிறோம்.

மகள் ஏன் கூடாது என்பதற்கு ஒரு சம்பவம். ஊர், பெயர் சொல்ல மாட்டேன். இதே மாதிரி ஒரு அறை, கட்டிலில் ஒரு பாட்டி. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நின்றவர் பதில் சொன்னார். "பாட்டி, பெயர் என்ன?" அவர் சொன்னார். "கையெழுத்துப் போடச் சம்மதமா?" அதற்கும் அவரே. பாட்டி சிரித்துக்கொண்டே இருந்தார். சரி, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டு, "இது என்ன பேப்பர் பாட்டி?" என்றேன். "ஆஸ்பத்திரி பில்லுன்னு சொன்னா" என்றார். என் கையில் இருந்தது அவருடைய வீட்டுக்கான பவர் பத்திரம். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலில் எனக்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே, அதை எழுதினால் ஆசிரியர் போட மாட்டார்.

உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று நம்புகிறேன். ஆனால் வருகிறவருக்கு அது தெரியாதே? "ஆமாம், இது பவர் பத்திரம், மூத்தவனுக்குக் கொடுக்கிறேன், நான்தான் போட்டேன்" என்று அம்மா வாயால் சொல்ல வேண்டும். அதனால் முந்தின நாளே அம்மாவிடம் உட்கார்ந்து விவரமாகச் சொல்லுங்கள். வலி மாத்திரை கொடுத்தால் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்று நர்ஸிடம் கேட்டு, தெளிவாக இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். பாதித் தூக்கத்தில் இருப்பவரிடம் நான் கையெழுத்து வாங்குவதில்லை. வந்த வழியே திரும்பிவிடுவேன், பயணக் காசு உங்களுக்குத்தான் நஷ்டம்.

அடுத்தது அடையாள அட்டை. பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கிரீன் கார்டை நீட்டுவார்கள். கலிஃபோர்னியா ஏற்கும் அடையாளப் பட்டியலில் கிரீன் கார்டு இல்லை! ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இல்லை. காலாவதியாகாத இந்தியப் பாஸ்போர்ட்டோ, இந்த மாநிலத்து டிரைவிங் லைசென்ஸோ ஐடியோ போதும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். "அது அண்ணா வீட்டு லாக்கரில்" என்பது நான் வந்து நின்ற பிறகு தெரிய வேண்டாம்.

கை நடுங்கிக் கையெழுத்தே வராவிட்டால் ஒரு குறி போட்டாலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவர் அந்தக் குறிக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுத வேண்டும். ஊர் வக்கீல் எழுதி அனுப்பும் பவரிலும் பெரும்பாலும் இரண்டு சாட்சிக்கு இடம் விட்டிருப்பார். நர்ஸ்கள் போடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், பல இடங்களில் ஊழியர்களுக்கு அது தடை. சம்பந்தமில்லாத இரண்டு நண்பர்களை வரச் சொல்லுங்கள். அப்புறம், பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. "சர்வே எண் அண்ணா பிறகு எழுதிக்கொள்வான்" என்றால் நான் தொடவே முடியாது.

என் சீலோடு வேலை முடியவில்லை. மாநிலச் செயலர் அலுவலகத்தில் அபோஸ்டில் வாங்க வேண்டும், அதாவது என் சீலும் கையெழுத்தும் உண்மை என்று வெளிநாட்டுக்காகத் தரும் சான்று. ஒரு பத்திரத்துக்கு 20 டாலர். சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம். இந்தியா 2005-இல் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, அதனால் அங்கே செல்லும். எதற்கும் ஊர் வக்கீலிடம், அபோஸ்டில் போதுமா, இந்தியக் கான்சுலேட் (துணைத் தூதரகம்) முத்திரை கேட்பார்களா என்று பத்திரம் எழுதும் முன்பே கேளுங்கள். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டம். கூரியர் வந்த உறையை அண்ணா பத்திரமாக வைக்கட்டும், தேதிக்கு அதுதான் ஆதாரம்.

வீட்டுக்கு வந்த நோட்டரி 120 டாலர் வாங்கிவிட்டார். சட்டப்படி 15 டாலர்தான் என்கிறார்களே? ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், சான் ஹோஸே

எத்தனை பேர், எத்தனை கையெழுத்து என்று எழுதவில்லையே. 15 டாலர் என்பது ஒரு பத்திரத்துக்கு அல்ல, நோட்டரி சான்றளிக்கும் ஒவ்வொரு கையெழுத்துக்கும். நீங்களும் மனைவியும் இரண்டு பத்திரத்தில் போட்டிருந்தால் நாலு கையெழுத்து, 60 டாலர். மீதி 60 பயணக் காசாக இருக்கும். பயணத்துக்கு இங்கே சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை, பேசிக்கொள்வதுதான். ராத்திரி 9 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்றால் நானும் கூடத்தான் கேட்பேன். ஆனால் போனிலேயே "கையெழுத்துக்கு இவ்வளவு, வர இவ்வளவு" என்று பிரித்துச் சொல்லாதவரைக் கூப்பிடாதீர்கள். சொல்லாமல் வந்து மொத்தமாக நீட்டியிருந்தால் உங்கள் கோபம் சரிதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்கு வேறு. நியூயார்க்கில் நேரில் போடுவதற்கு 2 டாலர்தான். அந்த ஊர் நோட்டரிகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

உயில் எழுதிவிட்டேன். நோட்டரி சீல் போட்டால் கெட்டியாகிவிடும் அல்லவா?
— வாசகர், சாக்ரமென்டோ

ஆகாது. அச்சடித்த உயிலுக்குக் கலிஃபோர்னியாவில் வேண்டியது இரண்டு சாட்சிகள், சீல் அல்ல. சீல் மட்டும் போட்டுச் சாட்சியை மறந்தவர்கள்தான் கோர்ட்டில் அலைகிறார்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவரையே சாட்சியாக வைக்காதீர்கள். ட்ரஸ்ட் (சொத்தை வாரிசுகளுக்காக ஒருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) வேறு விஷயம், அதற்கு நோட்டரி வைப்பது வழக்கம். உயிலோடு சேர்த்து, ஆஸ்பத்திரியில் உங்களுக்காக யார் முடிவெடுப்பது என்ற பேப்பரையும் முடித்துவிடுங்கள். அதற்கு இரண்டு சாட்சிகள் அல்லது ஒரு நோட்டரி, ஏதாவது ஒன்று போதும். நர்சிங் ஹோமில் (இங்கே அது ஆஸ்பத்திரி அல்ல, தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம்) இருப்பவர் என்றால் மட்டும் அங்கே வரும் ஆம்பட்ஸ்மனோ (குறை கேட்கும் அதிகாரி) நோயாளிகளுக்கான பிரதிநிதியோ சாட்சியாக இருக்க வேண்டும், அது இல்லாமல் செல்லாது.

மகனின் பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து "உண்மை நகல்" சீல் வேண்டும். வருவீர்களா?
— வாசகி, இர்வைன்

வந்து பயனில்லை. ஊரில் கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் வாங்குவோமே, அந்த அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. இந்த மாநிலத்தில் நோட்டரி நகல் சான்றளிக்கக் கூடியது பவர் பத்திரத்துக்கு மட்டும்தான். மகன் பிறந்த கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் என்ற பதிவு அலுவலகத்தில் இன்னொரு சான்றிட்ட பிரதி வாங்குங்கள்.

எல்லாம் வீடியோவில் நடக்கிற காலத்தில் வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்?
— வாசகர், சான் ரமோன்

வர்ஜீனியா மாநிலம் 2012-லேயே தொடங்கிவிட்டது, இன்று பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. கலிஃபோர்னியா 2023-இல் சட்டம் போட்டு, நடைமுறைக்குக் கொண்டுவர 2030 வரை தவணை எடுத்துக்கொண்டது. வேறு மாநில நோட்டரியிடம் வீடியோவில் போட்டதை இங்கே ஏற்பார்கள். பேப்பர் இந்தியாவுக்குப் போகிறது என்றால் வாங்கும் அலுவலகத்தைக் கேட்காமல் இறங்காதீர்கள். வீடியோவில் கட்டிலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

பேங்க் கெடு நேற்றோடு முடிந்தது. நேற்றைய தேதி போட முடியுமா? நமக்குள்தானே!
— பெயர் வேண்டாம்

உங்கள் பெயர் எனக்கும் வேண்டாம். முடியாது.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்த நோட்டரி கட்டைவிரல் ரேகை கேட்டதும் "நான் என்ன கைநாட்டா?" என்று எழுந்து போய்விட்டார். இப்போது என்ன செய்வது?
— வாசகி, ப்ளெசன்டன்

இது எனக்கும் நடந்திருக்கிறது. பத்திரத்தில் அவர் கையெழுத்தேதான், ஆங்கிலத்திலோ தமிழிலோ அழகாகப் போடட்டும். ரேகை என் ஜர்னலில் மட்டும். சொத்துப் பத்திரம், பவர் இரண்டுக்கும் வலது கட்டைவிரல் ரேகை வாங்க வேண்டும் என்பது சட்டம், டாக்டர் ஆனாலும் நீதிபதி ஆனாலும். பிற்பாடு யாராவது வந்து "அது நான் இல்லை" என்றாலோ, வேறு யாரோ அவர் பெயரில் போட்டுவிட்டாலோ காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமா, இது உங்கள் வீட்டை வேறு யாரும் விற்றுவிடாமல் இருக்க." நான் பார்த்த தலைமையாசிரியர் இதைக் கேட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் ஜர்னலில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் விரலை நீட்டினார். மை துடைக்க டிஷ்யூ நானே கொண்டுவருவேன், தேட வேண்டாம்.