பதக்கம் பொய், மூக்கு பொய்யில்லை

கேள்வி: உலகம் முழுக்க விளையும் மலிவு விலை ஒயின்களை வரிசையாக வைத்துச் சுவைத்து, 'இதற்கு 87, அதற்கு 89' என்று மதிப்பெண் போடுகிறார்கள். வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தபோது நிபுணர்களே ஏமாந்துபோனார்கள் என்று படித்தேன். மலிவானதும் விலை உயர்ந்ததும் ஒன்றுதான், இந்தச் சுவை ஆராய்ச்சியெல்லாம் வெறும் பாவனை என்று ஒப்புக்கொள்வதில் உங்களுக்கு என்ன தயக்கம்?

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நீங்கள் கொண்டுவந்திருக்கும் சாட்சி போதாது.

சாயக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிரான்ஸின் போர்தோ நகரத்தில் பிரெடெரிக் புரோஷேயும் அவருடைய சகாக்களும் செய்து, 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. கலந்துகொண்ட 54 பேரும் ஒயின் தயாரிப்பைப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். 'இது சிவப்பா, வெள்ளையா?' என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். சிவப்பாகத் தெரிந்த கிளாஸுக்கு, சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் சொற்களையே அவர்கள் சொன்னார்கள். கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போகும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மூக்குக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரியவில்லை. கதை கைமாறிக் கைமாறி வந்ததில் மாணவர்களுக்கு நிபுணர் பட்டம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே என்னை மடக்க வேண்டுமென்றால் நீங்கள் ராபர்ட் ஹாட்ஜ்சனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகச் சிறிய ஒயின் ஆலையும் வைத்திருந்தார். தன் ஒயினுக்கு ஒரு போட்டியில் தங்கமும் இன்னொன்றில் வெறுங்கையும் கிடைப்பதைப் பார்த்து, நடுவர்களையே சோதித்துவிடுவது என்று இறங்கினார். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் 2005 முதல் அந்தச் சோதனை நடந்தது. நடுவர் சுவைக்கும் ஏறக்குறைய முப்பது கிளாஸ்களுக்கு நடுவே ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயின் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும். அது நடுவருக்குத் தெரியாது. முதலில் 90 கொடுத்தவர், கொஞ்ச நேரம் கழித்து அதே ஒயினுக்கு 86 கொடுப்பார், அப்புறம் 94. மூன்று தடவையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அடுத்த ஆண்டு பார்த்தால் அந்த ஒருவரும் பெரும்பாலும் வேறு ஆளாக இருந்தார். 2008இல் இது கட்டுரையாக வந்தது. மறு வருடம் அமெரிக்காவின் 13 போட்டிகளின் முடிவுகளை ஒப்பிட்டார். ஓரிடத்தில் தங்கம் வாங்கிய ஒயின்களில் பெரும்பாலானவை வேறிடத்தில் எதுவும் இல்லாமல் திரும்பியிருந்தன.

இதே கண்காட்சியில்தான் 2007இல் சார்லஸ் ஷா என்ற பெயரில் விற்ற சார்டனே (ஒரு வெள்ளைத் திராட்சை ரகத்தின் ஒயின்), அந்த மாநிலத்தின் தலைசிறந்த சார்டனே என்ற பட்டத்தை வாங்கியது. கலிபோர்னியாவில் அப்போது அதன் விலை 1.99 டாலர். மலிவு ஒயின் ரசிகர்கள் இன்றைக்கும் கொண்டாடும் வெற்றி இது. நீங்களும் கொண்டாடுவீர்கள் என்று தெரியும். ஆனால் ஹாட்ஜ்சனை நம்பினால் இந்தப் பட்டத்தை நம்ப முடியாது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வாதத்துக்கு வராதீர்கள்.

ஆக, பதக்க ஸ்டிக்கரும் 87, 89 கணக்கும் பாவனை என்று நீங்கள் சொன்னால் நானும் கை தூக்குகிறேன். 100 மதிப்பெண் என்கிறார்களே, அந்த அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குவதுகூட இல்லை. ஐம்பதிலிருந்து தொடங்குகிறது. பாட்டிலில் ஒயின் என்ற பெயரில் ஏதோ ஒன்று இருந்தாலே ஐம்பது நிச்சயம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத சலுகை!

ஆனால் ஹாட்ஜ்சனின் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிடித்த ஒயின் விஷயத்தில் தடுமாறிய அதே நடுவர்கள், பிடிக்காத ஒயின் விஷயத்தில் அவ்வளவாகத் தடுமாறவில்லை. மோசமானதை மறுபடி கொடுத்தாலும் மோசம் என்றே சொன்னார்கள். மலிவு ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். நல்லவற்றில் எது முதல், எது இரண்டாவது என்பது அன்றைய மனநிலை. கழிக்க வேண்டியது எது என்பதில் பழகிய மூக்கை நம்பலாம். மலிவு விலை வரிசையில் தேவைப்படுவதும் கழித்துக்கட்டும் வேலைதான்.

கழிக்கும் விதத்தைச் சொல்கிறேன். 215 மில்லி பிடிக்கும், வாய் குறுகிய சுவைக் கிளாஸ் ஒன்று உண்டு; அதில் 50 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது. மேலே காலியாக விடும் இடம் மணம் தங்குவதற்கு. முதலில் சுழற்றாமல் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த அறை மாதிரி வாடை அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. அதற்குக் காரணமான டிசிஏ என்ற ரசாயனம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் ஒயின் வினிகர் ஆகும் வழியில் இருக்கிறது. அழுகிய முட்டை வாடை என்றால் அவசரப்பட வேண்டாம், சுழற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். சில சமயம் போய்விடும். வெள்ளை ஒயின் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி மணந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது. இவற்றைச் சொல்வதற்குக் கவித்துவம் வேண்டாம். விலை தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சொல்லப்போனால் தக்கைக் கேட்டில் விலை உயர்ந்த ஒயினுக்குத்தான் ஆபத்து அதிகம். திருகுமூடி போட்ட மலிவு பாட்டில் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கெடாத ஒயினிலும் ஒளிவுமறைவு உண்டு. 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய் ஒன்றில் ஏறக்குறைய 300 பாட்டில் ஒயின் கிடைக்கும். புதுப் பீப்பாயின் விலையை அந்த 300 பாட்டில்கள்தான் சுமக்க வேண்டும். மலிவு ஒயினுக்கு அது கட்டாது. அதனால் பெரிய எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளைப் போட்டு ஊற வைக்கிறார்கள். ஐரோப்பாவே 2006இல் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. இதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஓக் தரும் வெனிலா வாசனை ஒரு பக்கமும் ஒயின் இன்னொரு பக்கமுமாகத் தனித்தனியே நிற்கும்போதுதான் தப்பு. அப்புறம் சர்க்கரை. லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரையை மிச்சம் வைத்தால் புளிப்பின் முரடும் டானினின் துவர்ப்பும் அடங்கிவிடும். நிறையப் பேருக்கு அது 'மென்மையான ஒயின்' என்று படும். இதைக் கண்டுபிடிக்க வெப்பநிலை உதவும். ஐஸில் வைத்த ஒயினில் பல குறைகள் தெரியாது. கிளாஸை வெளியே வைத்து, சில்லிப்பு போன பிறகு மறுபடி குடியுங்கள். இனிப்பு நாக்கில் பசை மாதிரி ஒட்டினாலோ, ஆல்கஹால் தொண்டையைச் சுட்டாலோ கழித்துவிடலாம். சில்லிப்பு போன பிறகும் புளிப்பு நிமிர்ந்து நின்றால் அந்த பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

'எல்லாம் ஒன்றுதான்' என்பதற்கு எதிராக இன்னொரு சாட்சி சிலியிலிருந்து. மெர்லோ என்ற சிவப்புத் திராட்சை ரகத்தின் பெயரில் அந்த நாடு விற்ற ஒயின்களில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. 1994இல் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர் தோட்டத்துக்குள் போய்க் கொடியைப் பார்த்தார். மெர்லோ என்று நட்டிருந்ததில் கணிசமான பகுதி கார்மெனேர் என்ற வேறு ரகம். பிரான்ஸில் ஏறக்குறைய அழிந்துபோனதாக நினைத்திருந்த ரகம் அது. மெர்லோவைவிடச் சில வாரம் தாமதமாகப் பழுக்கும். அதையும் மெர்லோவோடு சேர்த்துப் பறித்ததால் காய்ப்பருவ வாசம் அப்படியே ஒயினில் இறங்கியது. தனியாக விட்டு, பழுத்த பிறகு பறித்தால் அது விலைக்கு மேல் மதிப்புள்ள ஒயின். லேபிள் மெர்லோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. குடைமிளகாய் இருக்கிறது என்று சொன்னது மூக்கு.

லேபிள் என்றதும் விலை. 2008இல் ஹில்கே பிளாஸ்மன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 20 பேரின் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே ஒயின் கொடுத்தார்கள். 5 டாலர் ஒயினை ஒரு தடவை 5 என்றும் இன்னொரு தடவை 45 என்றும் சொன்னார்கள். 90 டாலர் ஒயினை 10 என்றும் சொன்னார்கள். விலை கூடியபோது பிடித்தது என்று வாய் சொன்னதோடு, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே ரசித்திருக்கிறார்கள். விலையை மறைத்துவிட்டால்? அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வு, லேபிள் மறைத்து நடந்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளை அலசியது. ஒயின் பயிற்சி இல்லாதவர்களுக்கு, சராசரியாகப் பார்த்தால், விலை உயர்ந்தது கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. பயிற்சி உள்ளவர்களிடம் அந்தப் போக்கு இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு வித்தியாசம் பாட்டிலுக்குள் இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. பயிற்சி இல்லாதவர் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

லேபிளை மறைப்பதற்கு ஒயின் உலகின் பெரும்புள்ளிகள் ஏன் பயப்படுகிறார்கள் என்றால், 1976 மே மாதம் பாரிஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒயின் கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்த சோதனையில் பிரெஞ்சு நடுவர்கள் எது எந்த நாட்டு ஒயின் என்று தெரியாமல் கலிபோர்னிய ஒயினுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள், சிவப்பு, வெள்ளை இரண்டிலும். நடுவர்களில் ஒருவரான ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். அவர் ஒரு ஒயின் பத்திரிகையின் ஆசிரியர். அச்சில் ஏறிய பிறகு திரும்ப வாங்க நினைப்பது எங்கள் தொழில் வியாதி.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. மூன்று கிளாஸ். இரண்டில் மலிவு ஒயின், ஒன்றில் விலை உயர்ந்தது. ரகமும் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். வேறொருவர் ஊற்றி, இடம் மாற்றி வைக்க வேண்டும். ஊற்றியவர் அறையில் நிற்கக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றில் எது தனி என்று மட்டும் சொல்லுங்கள், எது உயர்ந்தது என்று சொல்ல வேண்டாம். குடிக்காமல் துப்பிவிடுங்கள், இல்லையென்றால் நாலாவது சுற்றில் எல்லாமே ஒன்றாகத்தான் தெரியும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றுக்கு ஒரு தடவை சரியாக வரும், எனவே ஒரு சுற்றோடு நிறுத்தி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்; பன்னிரண்டு சுற்றாவது வேண்டும். அதில் எட்டு சரியாக வந்தால் உங்கள் மூக்குக்கு வித்தியாசம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்குதான் வந்தது என்றால் மலிவானதையே வாங்குங்கள்.