படிக்கட்டுக்கு எதற்கு விதி? – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வீட்டுப் படிக்கட்டுகளுக்குக் கட்டட விதி இன்னும் கடுமையாக வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் அம்பாசமுத்திரம் பக்கம் 26 வருடமாக வீடு கட்டிக்கொடுக்கிறவன். எங்கள் ஆச்சி வீட்டு மச்சுப்படி ஏணி மாதிரி நிற்கும். மூன்று தலைமுறை ஏறி இறங்கியும் யாரும் விழுந்ததில்லை. கவனமாக இறங்கினால் போதாதா? இரண்டரை சென்டில் கட்டுகிறவர்களிடம் படிக்கு இடம் விடச் சொன்னால், ஹாலைப் பெரிதாக்குங்கள் என்கிறார்கள். சொந்த வீட்டுக்குள்ளும் சட்டம் வர வேண்டுமா?

இப்போது வீரவநல்லூரில் ஒரு வேலை. தளத்துக்குத் தளம் 10 அடி. 8 அங்குல உயரம், கால் வைக்கிற மிதி 9 அங்குலம், 15 படி. இந்திரன், எமன், ராஜா என்று எண்ணினால் ராஜாவில் முடிகிறது. நடுவில் திரும்பி ஏறுகிற படி. அதற்கு எட்டேகால் அடி நீளம் விட்டிருக்கிறேன். இதில் என்ன தப்பு?

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

அளவுகளோடு கேட்டிருக்கிறீர்கள். அதனால் நானும் அளவுகளோடு பதில் சொல்ல முடிகிறது. அதற்கு முன்னால் உங்கள் ஆச்சி வீட்டு மச்சு.

அந்த மச்சுப்படிகளை எனக்கும் தெரியும். செங்குத்தாக நிற்கும், பிடித்துக்கொள்ள மேலேயிருந்து ஒரு வடக்கயிறு தொங்கும். ஆனால் மச்சில் என்ன இருந்தது? நெல், பெரிய பாத்திரங்கள், எப்போதாவது எடுக்கிற சாமான்கள். ஆச்சியும் தாத்தாவும் படுத்தது கீழே பட்டாசலில். மச்சுக்கு ஏறி இறங்கினது பெரும்பாலும் வயசுப் பிள்ளைகள். இன்றைக்கு நாம் படுக்கையறையையே மேலே கொண்டுபோய்விட்டோம். ராத்திரி தண்ணீர் குடிக்க, மாத்திரை எடுக்க, கரண்ட் போனால் கீழே வர எல்லாவற்றுக்கும் அந்தப் படிதான். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கவனம் பற்றிச் சொன்னீர்கள். என் அம்மா கவனமில்லாதவள் இல்லை. தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், காயப்போட்ட கூழ்வத்தலைச் சுளகில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையிலும் சுளகு, அதனால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது, காலுக்குக் கீழே படியும் தெரியாது. முதல் படியிலேயே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "வயசாயிட்டுல்லா" என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். பல மாதம் கழித்து, வேறு ஏதோ வேலைக்கு டேப்பை எடுத்தவன் அந்தப் படிகளையும் அளந்து பார்த்தேன். எல்லாப் படியும் ஏழரை அங்குலம். உச்சிப்படி மட்டும் பத்தரை. கான்கிரீட் போடும்போது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு மேலே சுருக்கிக் கலவையும் தட்டோடும் போட்டதில் தளம் 3 அங்குலம் உயர்ந்துவிட்டது. கட்டினவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. கேட்டு வாங்க எனக்கும் தெரியவில்லை.

படியில் நாம் கண்ணைவிடக் காலை நம்பித்தான் நடக்கிறோம். முதல் இரண்டு படியிலேயே கால் ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூளை அந்தப் பக்கமே திரும்பாது. உயரம் சட்டென்று மாறினால் கால் ஏமாந்துபோகும். ஏறும்போது தடுக்கினால் கையை ஊன்றித் தப்பிக்கலாம், இறங்கும்போது தவறினால் உடம்பு முழுவதும் கீழே போகிறது. அமெரிக்க வீட்டு விதியில் ஒரே வரிசையில் பெரிய படிக்கும் சின்னப் படிக்கும் உள்ள வித்தியாசம் 3/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. என் வீட்டில் 3 அங்குலம் இருந்தது.

இனி நம் விதி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டர் வரை போகலாம் என்கிறது. மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மக்கள் கூடும் பொதுக் கட்டடங்களுக்கு உயரம் 150, மிதி 300. நான் விதி மாற வேண்டும் என்பது இதனால்தான். அலுவலகப் படியில் திடமான ஆட்கள் பகல் வெளிச்சத்தில் நடக்கிறார்கள். வீட்டுப் படியில் தவழ்கிற குழந்தை, முட்டி வலிக்கிற ஆச்சி, அரைத்தூக்கத்தில் எழுந்து வருகிறவர், துணிக்கூடை தூக்கினவர் எல்லோரும் நடக்கிறார்கள். இவர்களுக்குத்தான் செங்குத்தான படியை அனுமதித்திருக்கிறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். பொதுக் கட்டடத்தில் 7 அங்குல உயரம், 11 அங்குல மிதி. வீட்டுக்குத் தளர்த்தி ஏழே முக்கால், பத்து. வீட்டுக்கும் ஏழுக்குப் பதினொன்று வேண்டும் என்று அங்கே பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். வீடு கட்டி விற்கிறவர்கள் இடமும் செலவும் கூடும் என்று எதிர்த்தார்கள்.

உங்கள் எட்டுக்கு ஒன்பது நம் தளர்வான விதிக்குள்ளேயே அடங்காது. 8 அங்குலம் என்பது 203 மில்லிமீட்டர், 9 அங்குலம் 229. வளர்ந்த ஆம்பிளையின் பாதம் 10 அங்குலம் இருக்கும். 9 அங்குல மிதியில் இறங்கும்போது முன்பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நம் ஊரில் வயசானவர்கள் ஒருக்களித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார்களே, முட்டிவலி மட்டும் காரணமில்லை, கால் வைக்க இடமும் இல்லை.

சொந்த வீட்டுக்குள் சட்டம் எதற்கு என்கிறீர்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று வந்தபோது நம் வீட்டு முற்றத்தைத் தோண்டித்தானே குழாய் பதித்தோம்? அப்புறம், வீடு கட்டினவரோடு முடிகிறதில்லை. மாடி வாடகைக்குப் போகும். வீடு கைமாறும். மருமகள் வருவாள், பேரப்பிள்ளை பிறக்கும். அவர்கள் யாரும் அந்த 8 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அறுபது வயது தாண்டினவர்கள்தான் அதிகம். எல்லாம் படியில் விழுந்தவை இல்லை. ஆனால் ஒரு வீட்டில் டேப்பை வைத்துத் தடுக்கக் கூடியது படியில் விழுவதைத்தான்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்லதுதான், அலைச்சல் இல்லை. ஆனால் வரைபடத்தில் படிக்கட்டு என்பது வெறும் கோடுகள். முடிந்த பிறகு யாராவது அளக்க வேண்டும். வீட்டுக்கடனின் கடைசித் தவணைக்கு வங்கியின் பொறியாளர் வந்து பார்க்கிறாரே, அவரே எல்லாப் படியையும் அளந்து எழுதட்டும். பத்து நிமிட வேலை.

சரி, வீரவநல்லூர் வீட்டுக்கு வருவோம். 11 அங்குல மிதி வைத்தால் ஒரு வரிசைக்கு 8 மிதி 7 அடி 4 அங்குலம், நடுவில் திரும்புகிற லேண்டிங் 3 அடி, ஆக 10 அடி 4 அங்குலம். நீங்கள் விட்டிருப்பதைவிட 25 அங்குலம் கூடுதல். படியின் மொத்த அகலம் ஆறரை அடி என்றால் சுமார் 13½ சதுர அடி. ஹாலில் ஒரு சோபா குறையும், அவ்வளவுதான். ஏழுக்குப் பதினொன்று என்றால் 17 படி வரும், அது எமனில் முடியும், வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அதே நீளத்தில் 18 படியாக வையுங்கள். உயரம் ஆறே முக்காலுக்கும் கீழே இறங்கிவிடும், எண்ணிக்கையும் ராஜாவில் நிற்கும். எண்ணிக்கைக்காகக் கடைசியில் ஒரு படியை வெட்டியோ கூட்டியோ சரிக்கட்டுவதுதான் ஆபத்து. சென்ட்ரிங் அடிக்கும் முன்னாலேயே எண்ணிப் பகிர்ந்துவிட்டால் வம்பில்லை.

வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்தால் 16 படி, ஏழரை உயரம், 10 அங்குல மிதி. எண்ணிக்கை இந்திரனில் முடியும். 8 அடி 10 அங்குலம் போதும், உங்கள் இடத்தைவிட 7 அங்குலம்தான் கூட. விதியின் விளிம்பில் நிற்கிற படி அது. ஆனாலும் இப்போதையதைவிட எவ்வளவோ மேல்.

இன்னும் இரண்டு விஷயம். கீழே என்ன டைல்ஸ், படியில் என்ன கல், தட்டட்டியில் என்ன தளம் என்பதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்த தளத்தின் மட்டத்தைத் தண்ணீர் டியூப் வைத்துச் சுவரில் குறித்துவிட்டு, அந்தக் குறியிலிருந்து படியைப் பகிருங்கள். கான்கிரீட்டிலிருந்து பகிர வேண்டாம். அப்புறம், கிரானைட் போட்ட அகலமான கைப்பிடிச்சுவரை விழப்போகிற கை பற்ற முடியாது. சுவர்ப் பக்கம் ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய் ஒன்றை, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை விடாமல் ஓட்டிவிடுங்கள். விளக்குக்கு மேலேயும் கீழேயும் சுவிட்ச்.

சென்ட்ரிங் அடிக்கும் முன்னால் எந்த அளவை எடுத்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.