ட்ரை ஃப்ளை மிதக்க எந்தச் செயற்கை இழை நல்லது?

ட்ரவுட் மீனுக்கான ட்ரை ஃப்ளையில் (தண்ணீர்மேல் மிதக்கும்படி தூண்டில் முள்ளில் கட்டும் பூச்சி போன்ற செயற்கை இரை) இறகுக்குப் பதிலாக எந்தச் செயற்கை இழையையும் வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் அடர்த்தியைப் பாருங்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பாலிப்ரொப்பிலீன் சுமார் 0.9; தண்ணீரைவிட லேசு, ஈரத்தையும் உறிஞ்சாது. நைலான் சுமார் 1.14, பாலியஸ்டர் சுமார் 1.38, இரண்டும் தாமாக மிதக்காது. அதனால் பாரஷூட் ஆடம்ஸ் என்ற ட்ரை ஃப்ளை வகை மாதிரியான செயற்கை ஈக்களில் நிமிர்ந்து நிற்கும் இறக்கைக்குப் பாலிப்ரொப்பிலீன் இழையையே எடுங்கள். வெள்ளை நிறம் என்றால் தூரத்திலிருந்தும் தெரியும்.

வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு போன்ற செயற்கை இரைகளைக் கட்ட ஃபோம்தான் என் முதல் தேர்வு. அதற்குள் அடைபட்ட காற்றுதான் அதை மிதக்க வைக்கிறது. எடுத்தவுடனே நூலை இறுக்கினால் ஃபோம் அறுந்துவிடும். முதல் சுற்றுகளைத் தளர்வாகப் போட்டு, அப்புறம் படிப்படியாக இறுக்குங்கள்.

பளபளக்கும் ஆன்ட்ரான் இழை மிதப்புக்கு அல்ல. வால் பக்கம் கொஞ்சம் வைத்தால், பூச்சி உரித்துக்கொண்டிருக்கும் தோல் போலத் தெரியும்.