மாமா சொன்ன லேப்டாப்

பேரணாம்பட்டிலிருந்து போன வாரம் ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். வேலூரில் பி.சி.ஏ. சேர்ந்தாயிற்று, படிப்பைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் லேப்டாப். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் பெரிய மாமா, "கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப்தான் வேணும், 85,000 ஆகும், இல்லன்னா பிள்ளை பின்தங்கிடும்" என்று போனில் சொல்லிவிட்டாராம். அம்மா வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைப்பவர். ஜோடிக் கணக்கில் கூலி. கழுத்துச் செயினை அடகு வைக்கலாமா என்று கேட்டார்.

"பார்த்துக்கலாம்மா, கவலைப்படாதீங்க" என்று ஆரம்பித்த நான், செயின் என்றதும் நிறுத்திக்கொண்டேன். வைக்கக் கூடாது. வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

அதுவரை வாயே திறக்காத பெண்ணிடம், கம்ப்யூட்டரில் எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று கேட்டேன். பள்ளிக்கூட லேபில் எக்செல் கற்றுக்கொண்டு, அம்மா எந்தத் தேதியில் எத்தனை ஜோடி தைத்தார், எவ்வளவு கூலி பாக்கி என்று ஒரு கணக்கு போட்டிருக்கிறாள். பாக்கி வைத்தவரிடம் அந்தத் தாளைக் காட்டி அம்மா காசும் வாங்கியிருக்கிறார்! இந்தப் பெண்ணுக்குக் கை போவது கணக்கிலும் தரவிலும். கேமிங் லேப்டாப் இதில் எங்கே வருகிறது?

மாமாவின் வாதம், ஏஐ படிக்க, படங்களையும் பெரிய கணக்குகளையும் வேகமாகச் செய்யும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது. மாணவர்கள் செய்யும் அளவுக்கு கூகுள் கோலாப் போதும். பிரவுசரைத் திறந்தால் கூகுளின் கம்ப்யூட்டரிலேயே நம் நிரல் ஓடும், ஒரு வரம்பு வரை இலவசம். சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ், டேலி எதற்கும் அந்தக் கார்டு தேவையில்லை. அனிமேஷன், கட்டடக்கலை படிக்கிறவர்கள் கதை வேறு, அவர்கள் தனியாக வாருங்கள். அப்புறம் நம் ஊர் வெயில். சித்திரை மாதத்தில் ஷீட் போட்ட வீட்டில் கேமிங் லேப்டாப்பின் ஃபேன் போடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும். எடையும் இரண்டு கிலோவுக்கு மேல். தினம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது இந்தப் பெண்தான்.

முதலில் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். லேப்டாப்பே கிடைத்துவிட்டால் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள்.

கிடைக்காவிட்டால், யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுத்து, மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடும் ஆபீஸ் லேப்டாப்கள். லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். சுத்தம் செய்து, ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிறார்கள். 20,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். பழசு என்று முகம் சுளிக்காதீர்கள். புதிதாக இருந்தபோது மாமாவின் கேமிங் லேப்டாப் அளவுக்கு விலை போனவைதான் இவை.

உதாரணத்துக்கு திங்க்பேட் டி480, 2018-இல் வந்தது. பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே இருக்கும், இன்னொன்று வெளியே கழற்றி மாட்டுவது. வெளி பேட்டரி செத்தால் நீங்களே மாற்றிவிடலாம். வேலை செய்யும்போது கம்ப்யூட்டருக்கு வேண்டிய நினைவகமான ரேமைச் செருக இரண்டு இடம் உண்டு. இன்று 8 ஜிபி, கையில் காசு ஓடும்போது இன்னொரு 8 ஜிபி. புதிதாக வரும் பல மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்ட முடியாது. தட்டச்சு செய்யவும் அந்த கீபோர்டு சுகம்.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். இதற்கு முந்தைய மாடலான டி470-ம் டி480-ம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிராசஸர் எண்ணைப் படியுங்கள். ஐ5-க்குப் பின்னால் 8250, 8350 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 7200, 7300 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, வைத்துவிட்டு வாருங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். ஃபைல்களைச் சேமிக்க ஹார்டு டிஸ்க் வேண்டாம், அதைவிட வேகமான எஸ்எஸ்டி இருக்க வேண்டும். ஆன் செய்யும்போது திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 தட்டுங்கள். பயாஸ் என்னும் அடிப்படை செட்டிங்ஸ் திறக்கும். அதற்குள் போகப் பாஸ்வேர்ட் கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு, அந்த மெஷின் வேண்டாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் பாதிக்கும் கீழே போயிருந்தால் வேறு பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள். பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

வேலூரில் மனம் ஒப்பவில்லை என்றால் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் சுற்றுங்கள். பெண்ணையும் கூட்டிப் போங்கள். தட்டிப் பார்க்க வேண்டியது அவள் விரல்.

ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை வைத்து இ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்று மாமா யோசனை சொல்லியிருக்கிறார். அது அவளுடைய பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வரும் காசு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது அம்மா தயங்கினார். "எங்க அண்ணன் கேட்டா என்ன சார் சொல்றது?"

என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். இதுவரை அவர் கூப்பிடவில்லை.