வாசகர் கேள்வி பதில்: பிறப்புரிமையியல் விரிவுரையாளர் பதவி

கேள்வி: மூலக்கூற்று உயிரியலில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பிறப்புரிமையியல் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? மாதிரி விரிவுரைக்கு எந்தத் தலைப்பை எடுக்கலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: வகுப்புத் தகுதி உங்களிடம் இருக்கிறது. சிக்கல் வருவது, விளம்பரத்தில் பட்டம் 'உரிய துறையில்' இருக்க வேண்டும் என்று வரும் சொல்லில்தான். பட்டத்தின் பெயரில் பிறப்புரிமையியல் இல்லாததால் பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியலை இணைத்து, அந்தப் பாடங்களையும் இறுதியாண்டு ஆய்வின் தலைப்பையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தோட்டப் பகுதிப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. உங்களுக்கும் அப்படியானால் சத்தியக் கடதாசியை இப்போதே முடியுங்கள். அரச வேலையில் இருந்தால் நிறுவனத் தலைவர் ஊடாகவே விண்ணப்பம் போக வேண்டும். அவருடைய மேசையில் கிடந்தே முடிவுத் திகதி கடந்துவிடுவதுண்டு. பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள்.

மாதிரி விரிவுரையில் பலர் சறுக்குவது, பத்து நிமிடத்துக்குள் மெண்டலில் தொடங்கி ஜீன் தொகுப்பாக்கம் வரை ஓடப் பார்ப்பதால். ஒரே கருத்தை எடுங்கள். நுவரெலியா, வெலிமடை உருளைக்கிழங்கே போதும். அது நான்மடியம், அதாவது ஒவ்வொரு நிறமூர்த்தமும் நான்கு பிரதிகளாக இருக்கும்; மொத்தம் 48 நிறமூர்த்தங்கள். AAaa (A ஆட்சியுடையது, a பின்னிடைவானது) செடியின் நான்கு பிரதிகளில் இரண்டு இரண்டாகத் தெரிந்தெடுத்தால் ஆறு சோடிகள். புணரிகள் (இனப்பெருக்கக் கலங்கள்) 1 AA : 4 Aa : 1 aa. தன்மகரந்தச் சேர்க்கையில் aaaa கிடைப்பது 1/6 × 1/6, அதாவது 36இல் ஒன்று. ஆகவே 3:1 அல்ல, 35:1. ஆறு சோடிகளையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். மாணவர் கண்ணுக்கு விடை தானே தெரியும். 15:1 என்று சொல்லிவிடாதீர்கள். அது இரண்டு தனித்தனி இடங்களில் உள்ள பரம்பரையலகுகளுக்கு (ஜீன்களுக்கு) உரிய விகிதம். 'இரட்டை ஒடுக்கம் நடந்தால்?' என்று நேர்முகக் குழுவில் ஒருவர் கேட்கலாம். ஒரு நிறமூர்த்தம் இரட்டித்து வந்த சோதரப் பிரதிகள் இரண்டும் ஒரே புணரிக்குள் போவதால் aa புணரிகள் கூடும், 35:1 சற்றுக் குலையும் என்பது பதில். ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: ஆய்வுத் திட்டமும் கேட்பார்களா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கேட்டால், இங்கே செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், கன்னொருவையில் தாவர மரபு வள நிலையம். தேயிலைக்கு 30 நிறமூர்த்தங்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி என்பதால் விதைக் கன்றுகள் ஒன்றுபோல் இருக்காது. இதிலிருந்தே நல்ல கேள்விகள் பிறக்கும். செய்முறையும் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்தில் பொலிபீனோல் மிகுதி. அது ஒட்சியேறி டி.என்.ஏ.வோடு ஒட்டினால் மாதிரி பழுப்பாகி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். தோற்கும். அதனால் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில், பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேர்ப்பார்கள். ஒளி உறிஞ்சலைக் கொண்டு தூய்மை பார்க்கும் 260/280 விகிதம் 1.8 வந்ததும் திருப்திப்படாமல் 260/230ஐயும் பாருங்கள். மீதி அழுக்கு அங்கேதான் தெரியும்.

கேள்வி: இந்தியாவில் எம்.எஸ்ஸி. முடித்தேன். செல்லுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, கடிதத்தை விண்ணப்பத்தோடு வையுங்கள். முதல் பட்டத்தின் வகுப்பையும் பார்ப்பார்கள், எம்.எஸ்ஸி. அதை ஈடுகட்டும் என்று நம்பியிருக்க வேண்டாம்.